இருபத்தைந்து லிட்டர் போதும்

“இருபத்தஞ்சு லிட்டர் போதும்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் வாட்டர் ஹீட்டர் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது.

“சார், உங்க வீட்டுக்குத்தானே?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்கா?”

“இல்ல... போன வாரம் மேடமும் உங்க மருமகளும் வந்து ஹீட் பம்ப்தான்னு முடிவு பண்ணிட்டுப் போனாங்களே. நூறு லிட்டர். உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

“அதை வேற யாருக்காவது குடுத்துடுங்க. எங்களுக்கு இந்தச் சின்ன டேங்க் போதும். அஞ்சு ஸ்டார் இருக்குல்ல? அது போதும்.”

சொல்லிவிட்டு அவர் பைப்புகள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி. யாரும் கூப்பிடவில்லை.

அவர் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தைந்து லிட்டர் என்றால் இரண்டு பேர். இது அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்டது இந்தக் கதைதான். ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி, ஹோட்டல் என்று எந்தக் கட்டடம் எழும்பினாலும், வெந்நீருக்கு எவ்வளவு பெரிய டேங்க், எந்த வகை, எவ்வளவு கரண்ட் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘டிகிரி’. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “தலை எத்தனை?” அது தெரியாமல் மனுஷன் பேனாவைத் திறக்க மாட்டார்.

மகன் கல்யாணத்தில்கூட அதே கூத்துதான். மாப்பிள்ளையின் அப்பாவாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்க வேண்டியவர், மண்டபத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, “முப்பது பேருக்கு மேல குளிச்சா பச்சைத் தண்ணிதான்” என்று மேனேஜரிடம் சண்டை போட்டார். முப்பத்தோராவது ஆளாகப் போய் மாட்டியவர் அவருடைய சொந்த மச்சான்.

அவர் பொய்யே சொல்லாதவர் என்று இல்லை. நன்றாகச் சொல்வார். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் அன்று காலையில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். வாயால் எந்தப் பொய்யும் வரும். லிட்டரில் மட்டும் வராது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவர், அவள், மருமகள்.

மகன் போய் மூன்று வருடமாகிறது. ஒரு மழை நாள், ஒரு பைக், ஒரு திருப்பம். அதற்குப் பிறகு மருமகள் தன் பெற்றோர் வீட்டுக்குப் போகவில்லை. இவர்களும் போகச் சொல்லவில்லை. அப்படியே மூன்று பேர் ஒரு குடும்பமாக ஒட்டிக்கொண்டார்கள்.

மூன்றில் ஒன்று குறைகிறது.

யார்?

போன மாதம் அவர் அவளை மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தி, எதை அழுத்தினால் எது ஓடும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கரண்ட் பில் கட்டுவதை அவள் போனுக்கு மாற்றினார். “எல்லாத்துக்கும் என்னையே நம்பிட்டிருக்காதே” என்றார். இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கேயோ கிளம்பிப் போனார். கேட்டதற்கு “சும்மா, ஒருத்தரைப் பார்க்க” என்றார். எந்த ஒருத்தர்? எந்த டாக்டர்?

ஒரே நிமிடத்தில் அவள் மனதுக்குள் அவருக்கு ஒரு வியாதி வந்து, முற்றி, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலும் போட்டாகிவிட்டது.

பைப்பு அடுக்குகளுக்கு இடையில் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

“வெளிய வாங்க.”

“இரு, இந்த வால்வு...”

“வால்வு இருக்கட்டும். வாங்கன்னா வாங்க.”

கடைக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. அங்கே கொண்டுபோய் அவரைச் சுவரோரமாக நிறுத்தினாள்.

“என்ன வியாதி?”

“எது?”

“உங்களுக்கு என்ன வியாதின்னு கேக்கறேன். எந்த டாக்டர்? எத்தனை நாள் சொல்லியிருக்கான்?”

“பைத்தியமா உனக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்.”

“என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க.”

வைத்தார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “கடன்காரா! ஒரு நிமிஷத்துல என்னைக் கொன்னுட்டீங்களே! அப்ப எதுக்கு ரெண்டு பேருக்குக் கணக்குப் போட்டீங்க? நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்க. அப்ப...”

அங்கேயே நின்றுவிட்டாள்.

அவர் குனிந்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார்.

“அவளா?” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“அவளுக்கு என்ன?”

“அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லதுதான். நல்ல விஷயம்தான்.” “அவ வேலை பாக்கற கோல்ட் ஸ்டோரேஜுக்கு லாரி அனுப்பற கம்பெனியில ஒருத்தர். எந்த லாரி எப்பக் கிளம்பணும்னு பாக்கறவர். நல்ல மனுஷன். கல்யாணம் பண்ணிக்கலாம்னு ஒரு வருஷமா கேட்டுட்டிருக்காராம். இவ முடியவே முடியாதுன்னுட்டா. இப்ப அவரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அங்கயும் இவளுக்கு ஒரு வேலை காலி இருக்கு. வர்றாளா இல்லையான்னு இன்னிக்குள்ள சொல்லணும்.”

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கிட்டதான் சொன்னா.”

“உங்ககிட்ட.”

“அழுதுட்டே சொன்னா. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன் மாமான்னா. நான்தான்...” அவர் குரல் கீழே போனது. “நான்தான் போம்மான்னேன். அவரை ரெண்டு தடவை நேர்ல போய்ப் பார்த்தேன். பேசினேன். பிடிச்சிருந்தது.”

இஸ்திரி போட்ட சட்டை. டாக்டர் இல்லை. மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கிறார். மோட்டாரும் பில்லும் சொல்லிக்கொடுத்தது, வீட்டில் இனி இரண்டே பேர் என்பதால்.

அவள் முப்பது வருடம் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். கண்ணாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டை வழியாக முகத்தைப் பார்த்தே யார் வழியனுப்ப வந்தவர், யார் போகிறவர் என்று சொல்லிவிடுவாள். தன் வீட்டில் ஒருத்தி கிளம்பி நிற்பது தெரியவில்லை.

“போறதுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டீங்க,” என்றாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா? நான் யாரு அந்த வீட்ல? சமையல்காரியா?”

“நீ சம்மதிப்பேன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன?”

“சம்மதிச்சதுக்கு அப்புறம் நீ என்ன ஆவேன்னு தெரியலையே. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இங்க வந்து அந்த டேங்கைப் பார்த்தேன். வாய் தானா சொல்லிடுச்சு. மூணுன்னு சொல்ல வரல.”

அவள் அவரை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியை எட்டி உதைத்தாள். அது காலியாக இருந்ததால் அதிலும் திருப்தி கிடைக்கவில்லை.

“இன்னொண்ணு,” என்றார் அவர், மெதுவாக. “அவ ஒரு நிபந்தனை போட்டிருக்கா. அத்தைகிட்ட நீங்க சொல்லுங்க மாமா, ஆனா அத்தை முகத்துல ஒரு சுருக்கம் விழுந்தாக்கூட நான் போகமாட்டேன்னு. வேலை முடிஞ்சு நேரா இங்கதான் வர்றா. உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்வா.”

“எப்ப வர்றா?”

சந்தின் முனையில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருத்தி இறங்கினாள்.

“இப்ப,” என்றார் அவர்.

*

“அத்தை! கழுத்தைக் காட்டுங்க.”

மருமகள் கடைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகத் தன் இரண்டு கைகளையும் மாமியாரின் கழுத்தில் வைத்தாள். ஐஸ். வருடக்கணக்காக நடக்கும் விளையாட்டு இது. நாள் முழுவதும் உறைந்த மீனும் பட்டாணியும் அடுக்கியிருக்கும் அறையில் நின்று சரக்குக் கணக்கு எடுப்பவள் அவள். வீட்டுக்கு வந்தால் கால் மணி நேரம் வெந்நீர்க் குழாயின் கீழ் கையை நீட்டிக்கொண்டு நின்றால்தான் விரல் மடங்கும்.

“எடுடி சனியனே! உயிர் போகுது,” என்றாள் மாமியார். தினமும் சொல்வதுதான். இன்றைக்கும் அதே குரலில் சொல்லிவிட்டாள். தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். “ஏண்டி ஐஸ்கட்டி, ஒரு கையுறை குடுக்க மாட்டாங்களா உங்க கம்பெனியில?”

“கையுறை போட்டா எழுத முடியாது அத்தை.” மருமகள் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. அது மாமியாரின் முகத்தில் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டிருந்தது. “மாமா எங்க?”

“பைப்பு பாக்கறார். பைப்பைப் பார்த்தா உங்க மாமாவுக்கு வேற எதுவும் தெரியாதே.”

“ஏதாவது... சொன்னாரா?”

கடைக்காரர் நல்ல நேரம் பார்த்து நடுவில் புகுந்தார். “வாங்க மேடம்! நீங்களாச்சும் சொல்லுங்க. சார் சின்ன டேங்க் போதும்ங்கறார். நீங்க கேட்ட ஹீட் பம்ப் இதோ நிக்குது. காத்துல இருக்கற சூட்டையே இழுத்துத் தண்ணிக்குக் குடுக்கும். கரண்ட் மூணுல ஒரு பங்குதான். டேங்குக்குப் பத்து வருஷம் கேரண்டி.”

வெள்ளை வெளேரென்று ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது அது. மருமகள்தான் இதைக் கண்டுபிடித்தவள். ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சு. பழைய ஹீட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததிலிருந்து, போனில் இதைப் பற்றி வீடியோ பார்ப்பதும், மாமனாரோடு வாதம் செய்வதும், “மூணு பேர் இருக்கற வீட்டுக்கு இதுதான் அத்தை லாபம்” என்று முடிவு சொல்வதும். அப்போது அவள் நிஜமாகவே மூன்று என்றுதான் நினைத்திருப்பாள். பாவி மனுஷன் போய் மாற்றிவிட்டார்.

மருமகள் ஹீட் பம்பிடம் போனாள். கையை அதன்மேல் வைத்தாள். திரும்பினாள்.

“சின்னது எதுக்கு அத்தை? பெரிசே எடுங்க.” குரல் லேசாக உடைந்தது. “நான் எங்க போகப் போறேன்?”

கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு நேராக முகத்தைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வார்த்தை. ‘சரிடி’ என்றால் போதும். அந்த வெள்ளை டேங்க் வீட்டுக்கு வந்துவிடும், அதோடு இவளும் வந்துவிடுவாள். சாயங்காலம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம், கழுத்தில் ஐஸ் கை, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு முடியைச் சிக்கெடுக்கச் சொல்லி முதுகைக் காட்டி உட்காருவது, மகனைப் பற்றிப் பேச உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள், எல்லாம் வீட்டிலேயே இருந்துவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளேதானே இருக்கிறேன் என்கிறாள்?

பத்து வருடம் கேரண்டி.

மாமியார் அந்தப் பத்தைக் கூட்டிப் பார்த்தாள். இவளுடைய முப்பத்தொன்று நாற்பத்தொன்றாகும். நாற்பத்தொரு வயதில், அதே குழாயின் கீழ், அதே கைகளை நீட்டிக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் இரண்டு கிழங்கள் இருமிக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பைப்பு அடுக்குக்குப் பின்னால் ஒரு சட்டை அசையாமல் நின்றது.

“லாபமா?” என்றாள் மாமியார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “யாருக்குடி லாபம்? இந்தப் பூதத்தை வாங்கிட்டுப் போய் நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள நீச்சலடிக்கவா? உங்க மாமா ரெண்டு சொம்பு ஊத்திட்டு வெளிய வந்துடுவார். நான் ஒரு பக்கெட். கரண்ட்டைத் தின்னது பூரா நீதான். அரை மணி நேரம் குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள பாட்டு வேற. உன் லாரிக்காரர் கட்டட்டும் அந்தச் செலவை. நான் ஏன் கட்டணும்?”

மருமகள் ஹீட் பம்பிலிருந்து கையை எடுத்தாள்.

“அத்தை... மாமா சொல்லிட்டாரா?”

“சொல்லாம? எங்கிட்ட என்னிக்கு எதை மறைச்சிருக்கார் அவர்?”

“எப்பச் சொன்னார்?”

“அது எங்க புருஷன் பொண்டாட்டி விஷயம். உனக்கெதுக்கு?” விரலை நீட்டினாள். “தம்பி, இதுக்கு எதுக்கு நூறு லிட்டர்? ரெண்டு பேர் இருக்கற வீட்ல பெரிய டேங்கை வச்சா மிச்சத் தண்ணி சும்மா சுட்டு சும்மா ஆறும். அவ்வளவும் தண்டம். சரிதானே? அந்த இருபத்தஞ்சைக் காட்டுங்க.”

கணவர் வீட்டில் சொல்லும் வார்த்தைகளை அப்படியே எடுத்துப் போட்டாள். இத்தனை வருடம் காதில் விழுந்தது எப்போதோ ஒரு நாள் உதவத்தான் செய்கிறது.

மருமகள் நகரவில்லை. அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். நெற்றியில், கண் ஓரத்தில், உதட்டில். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள், சாவு வீட்டுக்குப் போக டிக்கெட் கேட்டு நின்றவர்கள் எல்லோருக்கும் முன்னால் முப்பது வருடம் ஒரே மாதிரி வைத்துக்கொண்ட முகம் அது. அவள் தேடியது கிடைக்கவில்லை.

“கோவமா அத்தை?”

“கோவம்தான். இல்லாம என்ன? மாமாகிட்ட முதல்ல சொன்னியே. இத்தனை வருஷம் உனக்குத் தலை வாரிவிட்டது அவரா, நானா?”

அது நடிப்பு இல்லை. அது மட்டும் நிஜமாக வந்தது. நல்ல வேளை, திட்டு மாதிரியே கேட்டது.

மருமகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஸ்வெட்டரில் குளிரின் வாடை. “உங்ககிட்டச் சொன்னா நீங்க அழுவீங்க, நீங்க அழுதா நான் போகமாட்டேன் அத்தை. அதான். உங்க பிள்ளையை மறந்துட்டேன்னு நினைச்சுடாதீங்க...”

“ஏய். வாயைக் கழுவு. நான் எதுக்கு அப்படி நினைக்கணும்?” முதுகில் தட்டினாள். இரண்டு தட்டு. மூன்றாவது தட்டுக்கு முன் கையை எடுத்துவிட்டாள். “இன்னிக்குள்ள பதில் சொல்லணுமாமே? அந்த ஆளு போனையே பார்த்துட்டு உக்காந்திருப்பான். போ, வெளிய போய்ப் பேசு. உள்ள நின்னு கொஞ்சாதே, கடைக்காரர் வெக்கப்படறார்.”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, மறுபடியும் அழுது, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நடைபாதையில் அவள் நின்று பேசுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. ஒரு கையால் போன், இன்னொரு கையைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும், முகம் அப்படியே மலர்ந்தது. மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு. மகன் வாசலில் பைக்கை நிறுத்தும்போது அவள் சிரிப்பது அப்படித்தான்.

பைப்பு அடுக்குக்குப் பின்னாலிருந்து சட்டை வெளியே வந்தது. அவர் மனைவியின் பக்கத்தில் வரப் பார்த்தார்.

“வராதீங்க,” என்றாள், உதடு அசையாமல்.

“அம்மா...”

“பக்கத்துல வந்தீங்க, உடைஞ்சிடுவேன். அவ அங்கிருந்து பாக்கறா. போய் உங்க பைப்பையே பாருங்க.”

அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். ஒரு வால்வை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி நின்றார்.

மருமகள் பேசிக்கொண்டே திரும்பினாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். புருவத்தை உயர்த்தி, ‘என்ன’ என்று கேட்டாள்.

மாமியார் கையை வீசி, ‘பேசு பேசு’ என்றாள். பிறகு சட்டென்று கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, ஏதாவது சொல்லுங்க.”

“என்ன மேடம் சொல்றது?”

“எதையாவது. நான் உங்ககிட்டப் பேசிட்டிருக்கற மாதிரி இருக்கணும். ஹீட்டரைப் பத்திச் சொல்லுங்க. நிறுத்தாம சொல்லுங்க.”

கடைக்காரர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். என்ன பார்த்தாரோ, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சின்ன டேங்கின்மேல் கையை வைத்தார்.

“இது... இது நல்ல மாடல் மேடம். உள்ள டேங்கைச் சுத்திப் பஞ்சு மாதிரி கனமா வச்சிருக்காங்க. சூடு வெளிய போகாது. தண்ணி சூடானதும் தானா அணைஞ்சுடும். ஆறினா தானா போட்டுக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

“ம்.”

“உப்புத் தண்ணியா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. உள்ள ஒரு கம்பி இருக்கு, துரு அதைத்தான் முதல்ல அரிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்.”

“ம். அப்புறம்?”

“அப்புறம்... இடத்தை அடைக்காது மேடம். சின்னதுதான். சுவத்துல ஒரு மூலையில மாட்டிடலாம். இருக்கறதே தெரியாது.”

வெளியே மருமகள் இன்னும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் புன்னகை மாறாமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தாதீங்க தம்பி,” என்றாள். “இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.”